சேப்பாக்கத்திலிருந்து ஒளிபரப்பு: சென்னைத் தொலைக்காட்சியின் ஐம்பது ஆண்டுகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. டெல்லியில் 1959-லேயே சோதனை முறையில் தொலைக்காட்சி வந்துவிட்டது. பம்பாய்க்கு 1972-இலும், கல்கத்தாவுக்குச் சென்னையை முந்திக்கொண்டு ஆறே நாள் முன்பும் நிலையம் கிடைத்தது. அப்போது தொலைக்காட்சி என்பது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவுதான். 1976 ஏப்ரல் 1 முதல்தான் தூர்தர்ஷன் தனி அமைப்பானது.

சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள நிலையத்தின் தொடக்கக் காலம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒளிபரப்பு மாலையில் சில மணி நேரம் மட்டும்தான். பெட்டி வாங்கியவர் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும்; 1980களின் நடுப்பகுதி வரை இந்த நடைமுறை இருந்தது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள் நடுத்தர வீடுகளுக்குள் வந்தன. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கே திரண்டது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாடல் நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திரைப்படம் ஆகிய இரண்டும்தான் அந்தக் கூட்டத்துக்குக் காரணம். நடுவில் ஒளிபரப்பு நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வரும். அதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.

நிலையத்தின் சொந்த நிகழ்ச்சிகளுக்கு ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மேடையேறிக்கொண்டிருந்த நாடகக் குழுக்கள் அப்படியே ஸ்டுடியோவுக்குள் வந்தன. எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’, பின்னர் கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ போன்ற தொடர்களுக்கு முன்னோடி, இந்தச் சபா நாடகங்களே. செய்தி வாசிப்பில் ஷோபனா ரவி போன்றவர்களின் நிதானமான உச்சரிப்பு, தமிழ்ச் செய்தி இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று ஓர் அளவுகோலையே வைத்தது. நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’யில் நிலைய இயக்குநராக இருந்த ஏ. நடராஜனே தோன்றி, குறைகளுக்கும் குத்தல்களுக்கும் முகம் சுளிக்காமல் விடை சொன்னார். ஓர் அரசு அலுவலகத்தின் தலைவர் பொதுமக்களின் புகாருக்குத் திரையில் நேராகப் பதில் சொன்னது அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் அரிதுதான்.

உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியைப் பற்றிக் கேலிகள் ஏராளம். அடுத்து வரும் நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த நகரத்துப் பிள்ளைகள் நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளின் பெயர்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால் கேலிக்குப் பின்னால் ஒரு பெரிய குறை இருந்தது. சென்னைக் கோபுரத்தின் அலை நகரையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் தாண்டிப் போகவில்லை. காவிரிப் படுகை உழவருக்கு அந்த நிகழ்ச்சி எட்டவேயில்லை. தமிழ்நாட்டின் நிலையம் என்று பெயர் பெற்றது, பத்தாண்டுக்கும் மேலாக ஒரே நகரத்தின் நிலையமாகவே இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பியது இலங்கை. ஜப்பானிய உதவியுடன் 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாகினி, பிதுருதாலகாலை மலையின் உச்சியிலிருந்து ஒளிபரப்பியது. அலை கடலைத் தாண்டித் தமிழகத்தின் தென் கடற்கரை ஊர்களுக்கு வந்தது. கூரைமேல் உயரமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்தவர்களுக்குச் சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகத் தெரிந்தது.

அதே 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பும், நாடு முழுவதற்குமான தேசிய நிகழ்ச்சியும் வந்தன. மறு ஆண்டு இன்சாட்-1பி செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் மாவட்டத் தலைநகரங்களில் சிறிய மறுஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென எழுந்தன. அவை செயற்கைக்கோள் வழியே டெல்லி தரும் நிகழ்ச்சியைத்தான் வாங்கி ஒளிபரப்பின. சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகளை அங்கே கொண்டுசேர்க்கத் தனி நுண்ணலை இணைப்பு தேவைப்பட்டது. ஆகவே வெளி மாவட்டங்களில் பெட்டி வாங்கியவர்கள் முதலில் பார்த்தது பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும்தான். சென்னையிலும் இரவின் முக்கிய நேரம் டெல்லிக்கே போனது. இந்தி எதிர்ப்பின் சூடு ஆறாத மாநிலத்தில் இது அரசியல் பிரச்சினையாகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆயினும், இந்தி ‘ராமாயணம்’ ஓடிய 1987-88 ஞாயிறு காலைகளில் மொழி தெரியாதவர்களும் பெட்டியின் முன் இருந்தார்கள்.

கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகே நிலைமை மாறியது. மலையின் உயரம் அலையை வெகுதொலைவு கொண்டுபோனது. தென் மாவட்டங்கள் பலவற்றில் ‘ஒளியும் ஒலியும்’ முதன்முதலாகத் தெரிந்தது.

அந்தப் பரப்பைக் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே போட்டி வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. தெருக்கோடிக் கேபிள்காரர் ஒரு டிஷ்ஷை வைத்துக் கம்பி இழுத்தால் போதும். கோபுரமும் தேவையில்லை, டெல்லியின் நேரப் பங்கீடும் இல்லை. நாள் முழுதும் தமிழ் கிடைத்தபோது, வாரத்துக்கு ஒரு படத்துக்காகக் காத்திருக்க யாருக்கும் மனமில்லை. தூர்தர்ஷனும் தமிழுக்கென ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையைத் தொடங்கி, 2000-இல் அதற்குப் ‘பொதிகை’ என்று பெயர் வைத்தது. நிர்வாகம் 1997-இலேயே பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பிடம் போயிருந்தது. பார்வையாளர் எண்ணிக்கையில் பொதிகை தனியார் அலைவரிசைகளை நெருங்கவில்லை. ஆனால் கர்நாடக இசை, இலக்கியம், வேளாண்மை போன்று விளம்பரதாரர் விரும்பாதவற்றுக்கு இடம் கொடுத்தது அது. திருவையாற்று ஆராதனை நேரடி ஒளிபரப்பு இன்னும் பல வீடுகளில் தைப் பிறப்பை ஒட்டிய வழக்கமாக இருக்கிறது.

நிலையத்தின் பெரிய இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. விலை மிகுந்த ஒளிநாடாக்களை அழித்துவிட்டு மேலே வேறு நிகழ்ச்சியைப் பதிவது அந்நாளில் பரவலான வழக்கம். தொடக்க ஆண்டுகளின் நாடகங்கள், நேர்காணல்கள், கச்சேரிகள் பல அப்படியே போயின. சிக்கனம் என்று செய்தது, பணத்தால் ஈடுகட்ட முடியாத நட்டமாக முடிந்தது.

கோபுரம் வழியான பழைய அனலாக் ஒளிபரப்பைப் பிரசார் பாரதி படிப்படியாக நிறுத்திவிட்டது. 2024 ஜனவரி 19 அன்று பொதிகை, ‘டிடி தமிழ்’ என்ற புதுப்பெயருடன் மறுதொடக்கம் கண்டது. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வழியாக இன்று அதை மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம்.