காண வந்தவரின் ஹக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசலின் தூணருகே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பினாங்கிலிருந்து வந்தவர், மலேசியக் குடிமகன். அம்பத்தூரில் நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவரின் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்திருந்தார். இருவரும் புதுக்கோட்டைச் சீமையில் ஒரே ஊரில் பிறந்து, ஒரே மதரஸாவில் அலிஃப், பே ஓதியவர்கள்.

"ஹஜ்ரத், முப்பது வருடங்கள் கழித்து என் தோழனைப் பார்க்க வந்தேன். பிரியாணியைப் பார்க்கிறேன், மகாபலிபுரத்தைப் பார்க்கிறேன். அவனைத்தான் பார்க்க முடியவில்லை" என்றார் அவர்.

அந்தச் சகோதரரை நான் நன்கறிவேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்த நாள்முதல், ஷிப்டு மணியைக் கொண்டே பொழுதை அளக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். இவரும் அத்தகையவரே. தோழர் வந்த முதல் மூன்று நாட்களும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். வாடகைக் கார் பிடித்தார். வேளைக்கொரு கறி சமைக்கச் செய்தார். நான்காம் நாள் இரவு ஷிப்டு தொடங்கிவிட்டது. விடியற்காலை வீடு திரும்புவார். உறங்காமல் கறிக்கடைக்கு ஓடுவார். மாலையில் விருந்தினரை எங்கேனும் அழைத்துச் செல்வார். பிறகு மீண்டும் பட்டறை. தூக்கக் கண்ணுடன் இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு விரல்களுக்கு உத்தரவாதம் ஏது? அவர் மனைவியோ பஜ்ரு முதல் இஷா வரை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

இவையனைத்தையும் விருந்தினர் கவனித்திருந்தார். கவனியாத ஒன்றை வீட்டின் சிறு பிள்ளை சொல்லிவிட்டது: "மாமா, அம்மா வளையல் சேட்டுக் கடையில இருக்கு." அதைக் கேட்ட பிறகு உண்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்லி அவர் கண்கலங்கினார்.

விருந்தோம்பல் ஈமானோடு இணைத்துப் பேசப்பட்ட ஒரு கடமை என்பதில் ஐயமில்லை. அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பியவர் தம் விருந்தினரைக் கண்ணியப்படுத்தட்டும் என்னும் கருத்தில் அமைந்த நபிமொழியை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆயினும் அபூ ஷுரைஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்த ஹதீஸின் பிற்பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. சிறப்பான உபசரிப்பு ஒரு பகலும் ஓர் இரவும். விருந்து மூன்று நாட்கள். அதற்கு மேல் செய்வது தர்மம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எல்லை வகுத்தார்கள். வீட்டுக்காரரைப் பாவத்தில் தள்ளும் அளவுக்கு விருந்தினர் தங்கலாகாது என்றும் சொன்னார்கள். அது எவ்வாறு என்று தோழர்கள் கேட்க, உபசரிக்க ஒன்றுமில்லாதவரிடம் போய்த் தங்கிக்கொண்டே இருப்பதுதான் என்று விளக்கினார்கள். இல்லாதவன் கடன்படுவான், பொய் சொல்வான், மனைவியிடம் சினப்பான். பாவம் வேறெங்கிருந்து வரும்?

இன்னொரு ஹதீஸ். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று தொழுதுவந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, உடலுக்கு ஹக்கு உண்டு, கண்ணுக்கு உண்டு, மனைவிக்கு உண்டு, காண வருபவருக்கும் உண்டு என்று எடுத்துரைத்தார்கள். புகாரியில் இடம்பெற்ற இதை நான் மாணவனாக ஓதியபோது வணக்கத்தில் நடுநிலை என்ற பாடமாகவே மனத்தில் கொண்டேன். பினாங்குக்காரரின் கண்ணீரைக் கண்ட அன்றுதான் அந்த வரிசை என்னை உறுத்தியது. உறக்கம் கேட்கும் கண்ணும், ஓய்வு கேட்கும் மனைவியும், வாசலில் நிற்கும் விருந்தினரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவரின் ஹக்கைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுக்க நமக்கு அனுமதி ஏது?

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். விருந்தினர் இருவர் வந்தனர். அவர்கள் முன் ரொட்டியையும் உப்பையும் வைத்த ஸல்மான் (ரலி) அவர்கள், தகல்லுஃப், அதாவது சக்திக்கு மீறிச் சிரமப்படுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் உங்களுக்காகச் சிரமம் எடுத்திருப்பேன் என்றார்கள். வந்தவர்களில் ஒருவர், உப்போடு சிறிது ஸஃதர் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். அது ஒரு வாசனை இலை. உடனே தம் உளூ பாத்திரத்தை அடகுவைத்து அதை வரவழைத்தார்கள். உண்டு முடித்தவர், கிடைத்ததில் திருப்தி தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். நீர் கிடைத்ததில் திருப்தியுற்றிருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்றார்கள் ஸல்மான் (ரலி) அவர்கள்! அங்கே விருந்தினர் வாய்திறந்து கேட்டார். நம் பினாங்குக்காரரோ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே வளையல் போயிற்று.

இப்ராஹீம் (அலை) அவர்கள் கொழுத்த கன்றைச் சமைத்துக் கொணர்ந்தார்களே எனச் சிலர் வாதிடலாம். உண்மைதான். அது அவர்களின் வீட்டில் இருந்த கன்று. அவர்கள் ஓசையின்றி வீட்டாரிடம் சென்றதாகத் திருமறை (51:26) கூறுகின்றது. நண்பர் இறங்கிய மறுகணமே செலவைப் பறைசாற்றும் நம் வழக்கத்தை இதனருகே வைத்துப் பாருங்கள்.

பிறரைச் சொல்வானேன்? வேலூர் பாக்கியாத்தில் என்னுடன் ஓதிய இலங்கைத் தோழர் ஒருவர் முன்பு என்னைக் காண வந்தார். நான் நிகாஹ், பாத்திஹா, பாடம் என்று ஓடிக்கொண்டே, நேரத்துக்குச் சோறு போனதா என்பதை மட்டும் விசாரித்தேன். அவருடன் உட்கார்ந்து ஒரு கிதாபைப் பிரிக்கவில்லை. அவர் இப்போது மறுமைக்குப் போய்விட்டார்.

சட்டம் சார்ந்த ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் நம் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே தெரிவிக்க வேண்டும். 'சி பாரம்' என்று நம் மக்கள் அறிந்தது இதுவே. 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025இல் புதிய சட்டம் வந்த பின்னும் இக்கடமை நீங்கவில்லை. உறவுக்காரர்தானே என்று அலட்சியம் செய்தால் அவதிப்படுபவர் விருந்தினரே.

அன்று மாலை அந்தச் சகோதரரை அழைத்துப் பேசினேன். தோழரின் வீட்டில் உண்பதில் குற்றமில்லை என்று திருக்குர்ஆன் (24:61) அனுமதித்திருக்கிறது. எனவே நீர் பட்டறையில் இருக்கும்போது அவரே சட்டியைத் திறந்து இருப்பதைப் போட்டுக்கொள்ளட்டும் என்றேன். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். மீதமிருந்த நாட்களில் அவ்வீட்டில் ரசமும் கருவாடும்தான். விருந்தினர் விடியற்காலை தொழிற்பேட்டைச் சாலையின் டீக்கடையில் காத்திருப்பார். ஷிப்டு முடிந்து வருபவரோடு வீடு வரை பேசிக்கொண்டே நடப்பார். அந்த அரை மணி நேரத்தைத்தான் ஊருக்கு எடுத்துப் போகிறேன் என்று விடைபெறும்போது என்னிடம் சொன்னார்.

வளையலை மீட்கத் தாம் பணம் தருவதாகவும் அவர் வற்புறுத்தியிருந்தார். வாங்கலாமா என்று சகோதரர் என்னிடம் மஸ்அலா கேட்டார். அன்பளிப்பை ஏற்பது ஆகும். ஆனால் வளையல் உம்முடையதன்று, உம் மனைவியின் சொத்து. முதலில் அவரிடம் கேளும் என்றேன்.

கடனாகத் தரட்டும், இரண்டு மாதத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று அந்த அம்மையார் சொல்லியனுப்பினார்.