கொயோட்டி வேட்டைக்கு ஏற்ற தோட்டா எது?

வட அமெரிக்காவின் புல்வெளிகளிலும் பாலைநிலங்களிலும், இந்நாளில் நகரோரங்களிலுங்கூடத் திரியும் நாயின விலங்கு கொயோட்டி. நம் நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். பெயர் மெக்சிகோவின் நாவாட்டில் மொழி தந்தது. ஆட்டுக்குட்டிகளைக் கவர்வதால் ஆட்டுப் பண்ணையாளர்க்கு அது பகை. அதன் மயிர்த்தோலுக்கும் விலையுண்டு. அதனை வேட்டையாடுவது தகுமா என்பது அங்கே நெடுநாள் வழக்கு. நாம் அதனுட் புகவில்லை. சுடுவதென்று ஆகிவிட்டால், விலங்கு காயத்தோடு ஓடித் துடித்துச் சாகாமல் நின்ற இடத்திலேயே விழவேண்டும் அன்றோ? தோட்டாவைத் தேர்வதன் நோக்கமெல்லாம் அதுவே.

கடைக்குச் செல்பவரை முதலில் மயக்குவன பெயர்களே. .222, .223, .22-250, .220 சுவிப்ட் என எண்கள் வேறு வேறாக இருப்பினும், இந்நான்கிலும் அமர்வது 0.224 அங்குலக் குறுக்களவுள்ள ஒரே குண்டுதான்! வேற்றுமை, பின்னுள்ள பித்தளைக் கூட்டில் அடங்கும் மருந்தின் அளவில். .22-250 என்பதிலுள்ள 250, அதன் தாய்த்தோட்டாவாகிய .250 சாவேஜைக் குறிக்கும். அக்கூட்டின் கழுத்தைச் சுருக்கி ஆர்வலர்கள் பலகாலம் தாமே செய்துவந்ததை ரெமிங்டன் நிறுவனம் 1965-இல் தன் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெயின், அதாவது ஏறக்குறைய மூன்றரை கிராம், எடையுள்ள குண்டை .223 நொடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்திலும், .22-250 சுமார் 3,680 அடி வேகத்திலும் செலுத்தும்.

அப்படியானால் வேகமிக்கதே சிறந்ததா? அன்று. குளிர்கால மயிர் கொயோட்டியைப் பெரிதாகக் காட்டும். உள்ளே இருப்பது மெலிந்த உடல். நெஞ்சில் உயிர்நிலை உள்ளங்கையினும் சற்றே அகன்றது, அவ்வளவே. கெட்டியான குண்டு அவ்வுடலை ஊசிபோல் துளைத்து அப்பாற் சென்றுவிடலாம். செப்புறை மிக மெல்லியதாயின், தோள் எலும்பில் பட்டவுடன் சிதறி மேற்காயம் மட்டும் உண்டாக்கும். விலங்கு தப்பியோடிப் புதரில் நாட்கணக்கில் வருந்தும். சிறிது ஊடுருவிய பின் விரிந்து, உடலுக்குள்ளேயே தன் ஆற்றலைச் செலவிடும் குண்டே வேண்டுவது. தோலிலும் பெருந்துளை விழாது. ஆகவே பெட்டியின் மேலுள்ள எண்ணைக் காட்டிலும் உள்ளிருக்கும் குண்டின் அமைப்பே முதன்மை என்பது எம் கருத்து.

அடுத்தது காற்று. மணிக்குப் பத்து மைல் வேகக் குறுக்குக்காற்றில், 300 கஜத் தொலைவில் .223-இன் 55 கிரெயின் குண்டு ஓரடிக்கும் மேல் விலகிவிடும். உயிர்நிலையின் அளவோ நாம் கண்டோம். புதர்க்காட்டில் குரல்காட்டி அழைத்து 200 கஜத்துக்குள் சுடுவோர்க்கு .223 போதும். மருந்து குறைவு, அதிர்ச்சி குறைவு. எங்கும் கிடைப்பதால் பழகிச் சுடவும் இயலும். திறந்த சமவெளியில் .22-250-க்கு மேன்மையுண்டு. 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் கனத்த குண்டால் காற்றைத் தாங்கும்; ஆயினும் தோலை விற்பவர் அதனை விரும்பார்.

கலிபோர்னியாவில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பிணந்தின்னும் காண்டர் கழுகுகளை ஈயம் நஞ்சாகிக் கொல்வதால், 2019 ஜூலை முதல் அங்கு எவ்வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. செம்பு ஈயத்தினும் எடை குறைந்தது; ஆதலால் அதே எடைக்குக் குண்டு நீள்கிறது. நீண்ட குண்டு தடுமாறாமற் பறக்க, குழலின் உட்புறச் சுருள்வரிகள் நெருங்கிய முறுக்குடையனவாய் இருத்தல் வேண்டும். பழைய .22-250 துப்பாக்கிகள் பலவற்றில் 14 அங்குலத்துக்கு ஒரு முறுக்கே உண்டு. அவற்றை வைத்திருப்போர் எடை குறைந்த, குட்டையான செப்புக்குண்டையே நாடவேண்டியவராகின்றனர்.