ஸ்டாலின் மகளைக் காதலித்தவர்கள்

அலெக்ஸி கப்லர் சோவியத் சினிமாவில் பெரும் புகழ் பெற்ற திரைக்கதாசிரியர். லெனினைப் பற்றி அவர் எழுதிய படங்களை நாடே பார்த்தது. 1941-ல் ஸ்டாலின் பரிசும் வாங்கினார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே ஸ்டாலினின் கோபம் அவரைச் சிறைக்கு அனுப்பியது.

1942-ன் இறுதியில், ஸ்டாலினின் மகன் வசீலியின் நட்பால், வசீலியின் தங்கை ஸ்வெத்லானா கப்லருக்கு அறிமுகமானாள். அவளுக்கு 16 வயது, பள்ளி மாணவி. கப்லரோ நாற்பதை நெருங்கியவர். சினிமா, புத்தகம், ஓவியம் என்று பேசியபடி இருவரும் மாஸ்கோ தெருக்களில் நடந்தார்கள். போகுமிடமெல்லாம் ஒரு மெய்க்காவலர் பின்தொடர்ந்தார். தொலைபேசிப் பேச்சுகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. போர்முனைக்குப் போன கப்லர், ஸ்டாலின்கிராடிலிருந்து ஒரு படைவீரன் காதலிக்கு எழுதும் கடிதம்போல் ‘பிராவ்தா’ நாளேட்டில் எழுதினார். யாருக்கு எழுதியது என்று கிரெம்ளினில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது.

1943 மார்ச்சில் கைது. கப்லர் ஓர் ஆங்கிலேய உளவாளி என்று சொல்லி, மகளைக் கன்னத்தில் அறைந்தார் ஸ்டாலின்.

பள்ளிக்கூடப் பெண்ணை அந்த வயது ஆண் சுற்றிவந்தால் எந்தத் தகப்பனும் பதறத்தான் செய்வான். அந்தப் பதற்றத்தில் நியாயம் உண்டு. ஆனால் மற்றத் தகப்பன்களிடம் ரகசியப் போலீஸ் கிடையாது. கப்லர் ஐந்தாண்டுகள் வடதுருவப் பகுதியிலுள்ள வொர்குத்தாவில் கழித்தார். தண்டனை முடிந்ததும் தடையை மீறி மாஸ்கோவுக்குப் போனார். மறுபடி பிடித்து, இன்னும் ஐந்தாண்டு முகாமில் போட்டார்கள். ஸ்டாலின் இறந்த பிறகே, 1953-ல், வெளியே வந்தார்.

1944-ல் ஸ்வெத்லானா கிரிகோரி மொரோசோவை மணந்தார். அந்த மருமகனை ஸ்டாலின் ஒருமுறைகூட நேரில் பார்க்கவில்லை.

தந்தை இறந்து பத்தாண்டு கழித்தும் அவரது நிழல் விலகவில்லை. 1963-ல் மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில், இந்தியக் கம்யூனிஸ்ட் பிரஜேஷ் சிங்கை ஸ்வெத்லானா சந்தித்தார். உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கர் அரச குடும்பத்தில் பிறந்தவர் அவர், தீராத நோயாளி. இருவரும் மணந்துகொள்ள விரும்பினார்கள். பிரதமர் கோசிகின் மறுத்துவிட்டார். ஸ்டாலினின் மகள் ஒரு வெளிநாட்டவரின் மனைவியாவதை அரசு அனுமதிக்காது. ஸ்வெத்லானா அப்போது நாற்பதைத் தொடவிருந்த பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். தன் கணவர் யார் என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை என்பதுதான் இதில் மிகக் கொடுமை.

1966 அக்டோபரில் பிரஜேஷ் சிங் இறந்தார். மனைவியாகப் பதிவு செய்ய மறுத்த அதே அரசு, அவரது அஸ்தியைக் கங்கைக்குக் கொண்டுபோக மட்டும் அனுமதித்தது. அந்த டிசம்பரில் ஸ்வெத்லானா காலாகாங்கர் வந்தார். திரும்பிப் போக மனமில்லை. 1967 மார்ச் 6 அன்று டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டார். மகனும் மகளும் மாஸ்கோவிலேயே இருந்தார்கள். மகனை மறுபடி பார்க்க அவர் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.