இளநிலை மாணவர்தம் ஆய்வகப் பணியும் அவைமுன் விளக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

இளநிலை மாணவர்கள் தம் ஆய்வகப் பணியைப் பல்கலைக்கழக அவையில் விளக்குவது, ஆய்வு முடிந்தபின் நிகழும் சடங்கன்று; ஆய்வின் ஒரு கூறே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: இளநிலை ஆய்வு, ஆய்வுச் சுவரொட்டி, கட்டுப்பாட்டுச் சோதனை.

முன்னுரை

முதுநிலைக் கல்விக்குப் பின்னரே ஆய்வு தொடங்கும் என்னும் கருத்து நெடுங்காலமாக நிலவியது. அதனை மாற்றிய முயற்சிகளுள் ஒன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969-ஆம் ஆண்டு மார்கரெட் மக்விகார் தொடங்கிய இளநிலை ஆய்வு வாய்ப்புத் திட்டமாகும். இதன்வழி மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வுகளில் பங்கேற்றனர். இளநிலை ஆய்வுகளை எடுத்துரைப்பதற்கென அந்நாட்டின் முதல் தேசிய மாநாடு 1987-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் நடைபெற்றது. இந்தியாவில், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டகம், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வு மேற்கொள்ள வழிவகுத்தது. எனவே இளநிலை ஆய்வை அவையில் எவ்வாறு மதிப்பிடுவது என்பது இன்று ஆசிரியர்முன் உள்ள வினாவாகும்.

விளக்க முறைகள்

மேடையுரை, சுவரொட்டி என இருமுறைகள் பெருவழக்காக உள்ளன. மேடையுரையை மாணவர் முன்னரே மனனம் செய்துகொள்ள இயலும். சுவரொட்டியின் அருகில் நிற்பவர்க்கோ அது போதாது. வருவோர் முடிவிலிருந்தும் வினவலாம்; செய்முறையிலிருந்தும் வினவலாம். துறை அறியாதவர்க்கும் வல்லுநர்க்கும் ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் கூற வேண்டியுள்ளது.

வினாவின் பயன்

வேப்பிலைச் சாறு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறதா எனக் காணும் சோதனையைச் சான்றாகக் கொள்ளலாம். சாறு இட்ட இடத்தைச் சுற்றி வளர்ச்சியற்ற தெளிந்த வட்டம் தோன்றினால், சாற்றுக்குத் தடுப்பாற்றல் உண்டென மாணவர் முடிவு செய்வார். ‘சாறு எடுக்கப் பயன்படுத்திய எத்தனாலைத் தனியே இட்டுப் பார்த்தீரா?’ என ஒருவர் வினவினால் அம்முடிவு ஆட்டங்காணும். எத்தனாலும் பாக்டீரியாவை அழிக்கவல்லது. ஆதலால் கரைப்பானை மட்டும் இட்ட கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாதவிடத்து, அவ்வட்டத்தை இலைக்கு உரியதெனக் கூற இயலாது. குறிப்பேட்டில் பல வாரங்கள் மறைந்திருந்த குறையை இவ்வொரு வினா வெளிக்கொணர்கிறது. அக்குறையை ஒப்புக்கொண்டு, மீண்டும் செய்யவேண்டிய சோதனையைக் கூறும் மாணவர் தோற்றவராகார். ஆய்வு நெறியை உணர்ந்தவராவார்.

பங்களிப்பை வரையறுத்தல்

ஆய்வகப் பணி பெரும்பாலும் கூட்டுப்பணியாகும். வினாவைத் தெரிவு செய்தவர் நெறியாளராகவும், கருவியை இயக்கியவர் முனைவர் பட்ட ஆய்வாளராகவும் இருக்கலாம். தாம் செய்தது எது, பிறரிடம் பெற்றது எது என மாணவர் பிரித்துரைப்பது ஆய்வு நேர்மையின் முதற்படியாகும். எதிர்பார்த்த விளைவு கிட்டாத ஆய்வையும் அவையேற்ற வேண்டும். வெற்றியை மட்டுமே எடுத்துரைக்க வேண்டும் என்னும் நிலை, தரவுகளைத் திரிக்கத் தூண்டும்.

முடிவுரை

சான்றிதழும் பரிசும் மட்டுமே நோக்கமானால், அவை வெறும் காட்சிக்கூடமாகிவிடும். மதிப்பீட்டில் சுவரொட்டியின் அழகைவிட வினாவை எதிர்கொள்ளும் முறைக்கு முதன்மை அளித்தல் வேண்டும். அவ்வாறு அமையும்போது, தம் முடிவைத் தாமே ஐயுறக் கற்ற மாணவர்கள் உருவாவர் என்பது இக்கட்டுரையின்வழிப் பெறப்படுகிறது.