வலிப்பு அடங்கிய பின் வரும் தலையிடி

வலிப்பு நின்றுவிட்டது. கைகால் உதறல் ஓய்ந்து, ஆள் நித்திரையாகி, ஒரு மணித்தியாலம் கழித்து எழும்புகிறார். வீட்டில் எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வருகிறது. அவரோ தலையைப் பிடித்தபடி சுவரோரம் குந்தியிருக்கிறார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, சத்தி வருமாப்போல் இருக்கிறது, பிள்ளைகள் கதைக்கும் சத்தத்தைக்கூடத் தாங்க முடியவில்லை.

மீள்குடியேறிய கிராமங்களில் நடக்கும் நடமாடும் மருத்துவ முகாம்களில் இந்த முறைப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "வலிப்பு ரெண்டு நிமிசம், வந்து போயிடும். அதுக்குப் பிறகு வாற தலையிடிதான் ஒரு முழு நாளைக் கொண்டுபோகுது" என்று ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னார். வைத்தியரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டோம். "வலிப்புக்குத்தானே கிளினிக், தலையிடியையும் ஏன் சொல்லுவான்" என்றார். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் தலையிடி வலிப்போடு சேர்ந்தது. அதற்கு உதவியும் உண்டு.

ஏன் வருகிறது?

மூளையின் நரம்புக் கலங்கள் சாதாரணமாக ஒன்றுக்கொன்று மெதுவாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். வலிப்பின்போது அவை பெருங்கூட்டமாக ஒரே நேரத்தில் மின்னை வெளியிடுகின்றன. அது அடங்கிய பிறகு மூளையின் இரத்த ஓட்டமும் குழாய்களும் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். ஒற்றைத் தலையிடி வரும்போது நடப்பதற்கு இது கிட்டத்தட்டச் சமம். அதனால்தான் வெளிச்சம் கூசுவதும் ஓங்காளமும் சேர்ந்து வருகின்றன. இதற்கு மேல், கழுத்தும் தாடையும் தோளும் இறுகி உதறியதால் தசை நோவும் இருக்கும். வெறும் வயிறும் தண்ணீர் குடிக்காததும் அதைக் கூட்டிவிடும்.

பெரும்பாலும் வலிப்பு முடிந்து மூன்று மணித்தியாலத்துக்குள் தொடங்கும். சிலருக்கு ஒரு நித்திரையோடு போய்விடும், சிலருக்கு ஒரு நாள் இருக்கும். எப்படியும் மூன்று நாட்களுக்குள் போய்விட வேண்டும். அதற்கு மேல் நின்றால் அதை வலிப்பின் கணக்கில் போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உங்களில் பலருக்கு வலிப்பு பிறவியிலிருந்து வந்ததல்ல. யுத்தத்தில் தலையில் செல் துண்டு பட்டவர்கள், பங்கருக்குள் மண் சரிந்து அடிபட்டவர்கள், விழுந்து நினைவிழந்தவர்கள் இருக்கிறீர்கள். தலைக் காயத்தால் வரும் வலிப்பு காயம் ஆறிய உடனேயே வரவேண்டும் என்றில்லை. மாதங்கள் கழித்தும், வருடங்கள் கழித்தும் தொடங்கலாம். முகாமில் இருந்தபோது ஒன்றும் இல்லை, சொந்தக் காணிக்கு வந்த பிறகுதான் தொடங்கியது, ஆகவே ஏதோ தோசம் என்று ஒரு குடும்பம் எங்களிடம் சொன்னது. தோசம் அல்ல, பழைய காயம்தான். நேர்த்தி வைப்பதையும் நூல் கட்டுவதையும் நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் குளிசையை நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் செய்யாதீர்கள்.

முதல் ஒரு மணித்தியாலம்

வலிப்பு வரும்போது திறப்பையோ இரும்பையோ கையில் திணிப்பது எங்கள் ஊர்களில் பழைய பழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்பதால் இரும்பு நிறுத்தியது போலத் தோன்றுகிறது. கரண்டியையோ விரலையோ வாய்க்குள் விடுவது அதைவிட மோசம், பல்லும் உடையும், விரலும் போகும். தலைக்குக் கீழே மடித்த சாரத்தையோ துவாயையோ வையுங்கள். உதறல் ஓய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாயிலுள்ள எச்சில் வெளியே வடியட்டும். நேரத்தைப் பாருங்கள்.

விழித்தவுடன் தலையிடி என்கிறார், உடனே பனடோலும் தண்ணீரும் கொடுக்க மனம் வரும். பொறுங்கள். நினைவு முழுதாகத் திரும்பாதவருக்கு வாயால் எதைக் கொடுத்தாலும் அது சுவாசக் குழாய்க்குள் போகலாம். தானாக எழும்பி இருக்கிறாரா, பேரையும் இடத்தையும் சரியாகச் சொல்கிறாரா, தன் கையால் ஒரு மிடறு தண்ணீர் இருமாமல் குடிக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் குளிசை.

இந்த நேரத்தில் அவரைத் தனியே விடவேண்டாம். வலிப்புக்குப் பின் சிலர் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எழும்பி நடந்துவிடுவார்கள். வேறு இடத்தில் அது ஒரு சின்னச் சங்கடம். மிதிவெடி அகற்றி முடியாத காணிகளும் மூடப்படாத கிணறுகளும் பக்கத்தில் இருக்கும் கிராமத்தில் அது உயிர்ப் பிரச்சினை. கையைப் பிடித்து இழுத்து மறிக்காமல், கூடவே நடந்து மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். முழுத் தெளிவு வரும்வரை ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

தலையிடிக்கு என்ன செய்யலாம்?

முதல் மருந்து நித்திரை. தகரக் கொட்டிலுக்குள் பகலில் படுக்கவே முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே மரநிழலில் பாயை விரித்து, கண்ணுக்கு மேல் ஈரத்துணி போட்டுப் படுக்க விடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் யாரும் எழுப்பவேண்டாம், ஆனால் மூச்சு சீராக இருக்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். எழும்பியதும் தண்ணீர், இளநீர் அல்லது கஞ்சி, ஓங்காளம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக. கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதிலும் நெற்றியில் சித்தாலேப பூசுவதிலும் தவறில்லை. சின்னக் குழந்தைகளின் மூக்கருகே மட்டும் பூசவேண்டாம்.

குளிசை என்றால் பரசிற்றமோல், அதாவது நீங்கள் பனடோல் என்று கேட்டு வாங்குவது. வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. அடுத்த முறைக்கு இடையில் குறைந்தது 4 மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் நாளாந்தம் குடிப்பவர்களும் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கவேண்டும், அளவை வைத்தியரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது. வளர்ந்தவரின் குளிசையைக் கண்மதிப்பில் உடைத்துக் கொடுக்காதீர்கள். தலையிடி உச்சத்துக்கு ஏறிய பிறகு எடுப்பதைவிட, தெளிவு வந்து தலையிடி தொடங்கும்போதே எடுத்தால் கூடுதலாகக் கேட்கும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பனடோல் தேவைப்படுகிறதென்றால் குளிசை போதாது என்று அர்த்தமல்ல. தொடர்ந்து எடுக்கும் நோக்குளிசையே தலையிடியை உண்டாக்கும். அத்தோடு, அத்தனை தடவை வலிப்பு வருகிறதென்றால் வலிப்பு மருந்தைத்தான் திருத்தவேண்டும்.

சில மருந்துகளில் கவனம் வேண்டும். காய்ச்சலும் இருந்தால் அது டெங்குவாக இருக்கலாம், அப்போது அஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவைக் கூட்டும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் எப்போதும் வேண்டாம். கால் கை இழந்தவர்களுக்கும் செல் துண்டு உடம்பில் உள்ளவர்களுக்கும் நோவுக்காக டிரமடோல் கொடுத்திருப்பார்கள். அது சிலருக்கு வலிப்பைத் தூண்டும் மருந்து. நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வலிப்பும் வருகிறதென்றால் இரண்டையும் ஒரே வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். இன்னொருவருக்குக் கொடுத்த டிரமடோலைத் தலையிடிக்கு இரவல் வாங்கவே வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் இன்னொன்று வந்தால், ஓட்டோவோ உழவு இயந்திரமோ கிடைக்கும் வாகனத்தில், பக்கவாட்டில் கிடத்தியபடி கொண்டுபோங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வந்த வலிப்பு, தண்ணீருக்குள் வந்த வலிப்பு என்றாலும் அப்படித்தான்.

தலையிடியைப் பொறுத்தவரை, வழமையாக வருவதுபோல் இல்லாத எதையும் சந்தேகியுங்கள். விழும்போது தலை அடிபட்டு, அதன்பின் தலையிடி மணிக்கு மணி கூடுகிறது, திரும்பத் திரும்பச் சத்தி எடுக்கிறார், எழுப்பினாலும் எழும்பாமல் தூங்கி வழிகிறார், ஒரு கை அல்லது கால் சோர்கிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் மண்டைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். வயதானவர்களிலும் நீண்டகாலமாகக் குடிப்பவர்களிலும் இந்தக் கசிவு விழுந்து பல நாள் கழித்துக்கூட வெளிப்படும். தலையிடியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இவை எதற்கும் பனடோல் கொடுத்துக் காலைவரை பார்த்திருக்கக் கூடாது.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐந்து மாதத்துக்குப் பின் கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், அதன்பின் வலிப்பு என்றால் அது இரத்த அழுத்தத்தால் வருவது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வலிப்பு வரும்வரை காத்திராமல் தலையிடியும் கண் மங்கலும் தொடங்கும்போதே மருத்துவிச்சியை அழையுங்கள் அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்புக்கு வல்புரோயேற் எடுக்கும் பெண்கள் பிள்ளை பெற நினைத்தால், கர்ப்பமாகும் முன்னரே கிளினிக்கில் கதையுங்கள். அந்த மருந்து வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது, ஆனால் பயந்து ஒரேயடியாக நிறுத்துவது தாய்க்கு ஆபத்து.

தலையிடி வராமலிருக்க

வலிப்பு வராவிட்டால் இந்தத் தலையிடியும் இல்லை. அதற்கு முதற்காரியம் குளிசையைத் தவறவிடாதது. திரும்பி வந்த குடும்பங்களில் வலிப்புக் கூடியதற்கு நாங்கள் அதிகமாகக் கேட்ட காரணம் இதுதான்: முகாமில் மருந்து கிடைத்தது, இங்கே வந்ததும் கிளினிக் எங்கே என்று தெரியவில்லை, முடிந்துவிட்டது, விட்டுவிட்டோம். காபமசப்பின், பெனிற்றோயின், பீனோபாபிற்றோன், வல்புரோயேற் எதுவானாலும் திடீரென்று நிறுத்தினால் முன்னிருந்ததைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம். நித்திரை முழிப்பு, கசிப்பு, காய்ச்சல், நாள் முழுக்க உபவாசம் ஆகியவையும் தூண்டும். கூரை வேய ஏறுவதையும் கிணற்றுக்குள் இறங்குவதையும் பனை ஏறுவதையும் மற்றவர்களிடம் விடுங்கள். அடுப்படியில் தனியாக நிற்கவேண்டாம்.

குளிசைதான் தலையிடியைத் தருகிறது என்று சிலர் நிறுத்துகிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். வலிப்பு வராத நாளிலும் தலையிடி, குடித்தவர்போல் தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிதல் இருந்தால் மருந்தின் அளவு கூடியிருக்கலாம். குறைப்பது வைத்தியரின் வேலை.

ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வையுங்கள்: திகதி, வலிப்பு தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், தலையிடி எப்போது தொடங்கி எப்போது விட்டது, எத்தனை பனடோல், அன்று குளிசை தவறியதா. நித்திரையில் வலிப்பு வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காலையில் காரணமில்லாத தலையிடி, கடிபட்ட நாக்கு, நனைந்த பாய், உடம்பு நோ என்றால் இரவில் யாரும் காணாமல் வலிப்பு வந்திருக்கக்கூடும். அதையும் எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். வலிப்புக்குப் பின் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசியதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு மூலையில் பாய் போட்டுப் படுக்க விட்டாலே போதும்.

பதிவு செய்யாதவர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். பழைய கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, குளிசை வந்த வெற்று உறை, எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் ஓட்டத்தில் தொலைந்துபோனால் குளிசையின் நிறத்தையும் ஒரு நாளைக்கு எத்தனை எடுத்தீர்கள் என்பதையும் சொன்னாலே தொடக்கத்துக்கு உதவும். தலையில் அல்லது உடம்பில் செல் துண்டு இருக்கிறதென்றால், ஸ்கான் எடுக்க முன் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைக்கக்கூடும். வலிப்பு மருந்தும் பரசிற்றமோலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். குளிசை முடிய ஒரு கிழமை இருக்கும்போதே புறப்படுங்கள், பஸ் வராத நாளும் கிளினிக் இல்லாத நாளும் உண்டு.