பற்றீரியாவிலிருந்து டீசல்

2022 ஆம் ஆண்டு எமது நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது நான் தரம் 9 இல் கற்றுக்கொண்டிருந்தேன். எனது வாப்பா பாடசாலை வேன் ஓட்டுபவர். டீசலுக்காக இரண்டு இரவுகள் வரிசையிலேயே படுத்திருந்தார். உம்மா கட்டித் தரும் சோற்றுப் பொதியை நானும் நானாவும் கொண்டுபோய்க் கொடுப்போம்.

இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். பற்றீரியாவுக்குச் சீனியைக் கொடுத்து டீசல் போன்ற எண்ணெயைப் பெறலாம் என்று அண்மையில் வாசித்ததை வாப்பாவிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, "சீனியெல்லாம் வேனுக்கு ஊத்தினா நாம தேத்தண்ணிக்கு என்னத்த மகள் போடுற?" என்று கேட்டார். அந்தப் பகிடிக்குள் ஒரு பெரிய கேள்வி இருந்தது. அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

டீசலில் இருப்பவை பெரும்பாலும் காபன், ஐதரசன் அணுக்களாலான நீண்ட சங்கிலிகள். கொழுப்பமிலமும் அத்தகைய சங்கிலிதான். அதன் ஒரு முனையில் மட்டும் ஒட்சிசன் அடங்கிய காபொட்சிலிக் கூட்டம் இருக்கும். அம்முனையை அற்ககோலுடன் இணைத்தால் எசுத்தர் உருவாகும். அதுவே உயிர் டீசல். காரத்துடன் சேர்த்தால் சவர்க்காரம் கிடைக்கும்.

கொழுப்பமிலம் செய்வதற்குப் பற்றீரியாவுக்கு நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எமது குடலில் வாழும் ஈ.கோலை, தனது மென்சவ்வை அமைப்பதற்காக அதனை எப்போதும் தொகுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு காவிப்புரதத்தின் மீது ஒவ்வொரு தடவையும் இரண்டு காபன்களாகச் சங்கிலி நீள்கிறது. ஆனால் தேவைக்கு மேல் அது செய்வதில்லை. காவிப்புரதத்துடன் இணைந்த நீண்ட சங்கிலிகள் தேங்கினால், அவையே தொகுப்பின் ஆரம்ப நொதியங்களைத் தடுத்துவிடுகின்றன. தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மிதவை மேலெழுந்து குழாயை அடைப்பது போன்றது இது.

தாங்கியின் அடியில் ஒரு குழாயைத் திறந்துவிட்டால்? தாங்கி நிரம்பாது, மிதவையும் அடைக்காது. விஞ்ஞானிகள் செய்தது இதைத்தான். தயோஎசுத்தரேசு என்ற நொதியம் சங்கிலியைக் காவிப்புரதத்திலிருந்து வெட்டி விடுவிக்கக்கூடியது. ஈ.கோலையில் இது இயற்கையாகவே உண்டு. ஆனால் அது இரு மென்சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருப்பதால், கலத்தினுள் உருவாகும் சங்கிலியை எட்டமுடியாது. அதன் பரம்பரையலகைச் சிறிது மாற்றி நொதியத்தைக் கலத்தினுள்ளேயே தங்கச் செய்தபோது, தடை நீங்கிக் கொழுப்பமிலம் பெருகியது. பற்றீரியா அதனை மீண்டும் உணவாக எரித்துவிடாதிருக்க, அதற்குரிய பரம்பரையலகையும் நீக்கிவிட்டார்கள்.

2010 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் என்பவரின் ஆய்வுக் குழு இன்னுமொரு படி முன்னேறியது. எதனோலைச் செய்வதற்கும் அதனைக் கொழுப்பமிலத்துடன் இணைப்பதற்கும் வேண்டிய பரம்பரையலகுகளை வேறு பற்றீரியாக்களிலிருந்து எடுத்து ஈ.கோலையினுள் சேர்த்தனர். இதனால் சீனியிலிருந்து உயிர் டீசல் வரையிலான வேலை முழுவதும் ஒரே கலத்தினுள் நடந்தேறியது.

"பற்றீரியா என்றா நோய்தானே?" என்பது உம்மாவின் சந்தேகம். நீரிழிவு நோயாளருக்கான மனித இன்சுலின் 1982 ஆம் ஆண்டு முதல் ஈ.கோலையைக் கொண்டு தயாரிக்கப்பட்டு வருகிறது என்று சொன்னதும் அவருக்கு ஆறுதல். நோயை உண்டாக்கும் ஈ.கோலை வகைகள் வேறு, ஆய்வுகூடத்தில் பயன்படும் வகைகள் வேறு.

இனி வாப்பாவின் கேள்விக்கு வருவோம். நான்கு குளுக்கோசு மூலக்கூறுகளில் 24 காபன் அணுக்கள் உள்ளன. அவற்றில் எட்டு, காபனீரொட்சைட்டாக வெளியேறும். மீதி 16 காபன்களைக் கொண்டு ஒரு பாமிற்றிக் அமில மூலக்கூறு உருவாகும். கிராமில் சொன்னால் 720 கிராம் குளுக்கோசிலிருந்து 256 கிராம் கொழுப்பமிலம். நிறை குறைந்தாலும், சீனியிலிருந்த சக்தியின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். எனினும் பற்றீரியா ஒரு துளியும் வீணாக்காவிட்டால்கூட, ஒரு லீற்றர் உயிர் டீசலுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சீனி வேண்டும். கடையில் சீனி விலையையும் டீசல் விலையையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே பற்றீரியாவுக்கு எமது உணவைக் கொடுக்கமுடியாது. அறுவடைக்குப் பின் வயல்களில் எரிக்கப்படும் வைக்கோலில் செலுலோசும் அரைச்செலுலோசும் உண்டு. அவையும் சீனிகளால் ஆனவையே. 2010 ஆம் ஆண்டின் ஆய்விலே அரைச்செலுலோசைத் தானே உடைத்து உண்ணும் ஈ.கோலையையும் உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் வைக்கோலை மலிவாகச் சீனியாக்குவது இன்னும் கடினமான வேலை. மாட்டுக்கும் மண்ணுக்கும்கூட வைக்கோல் வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது.

எரிபொருளை விடக் கூடிய விலைக்கு விற்கக்கூடிய பொருட்களையும் இவ்வழியில் பெறலாம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைவாசி, 12 காபன்கள் கொண்ட லோரிக் அமிலம். கலிபோர்னியாவில் வளரும் ஒரு மரத்தின் தயோஎசுத்தரேசு, சங்கிலியைச் சரியாகப் பன்னிரண்டாவது காபனில் வெட்டும். அம்மரத்தின் பரம்பரையலகைப் பெற்ற ஈ.கோலை லோரிக் அமிலத்தைத் தருகிறது. சவர்க்காரத்துக்கு உகந்த அமிலம் அது.

பற்றீரியா டீசல் எமது எரிபொருள் நிலையங்களுக்கு இன்னும் வரவில்லை. பரம்பரையலகை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடாது, பற்றீரியாவின் உணவு எங்கிருந்து வரும் என்பதையும் தீர்க்க வேண்டும். அதனை முதலில் கேட்டவர் உயிரியல் படிக்காத எனது வாப்பா. அவரது கேள்விக்கு முழுமையான விடையைக் கண்டுபிடிப்பவர், தங்கைமாரே, இன்று எமது ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைத் துடைத்து வைக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.