புதையல் தேடலும் திருகோணமலை மண்ணும்

சுருளொன்றில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலத்தை உண்டாக்கி, மண்ணுள் கிடக்கும் உலோகம் அப்புலத்துக்குக் காட்டும் எதிர்வினையை ஒலியாக மாற்றித் தருவதே உலோகக் கண்டறி கருவியின் வேலையாகும். இரண்டாம் உலகப்போரில் கண்ணிவெடி தேடப் பயன்பட்டு, பின்னர் மேலைநாடுகளில் பழங்காசு தேடுவோரின் பொழுதுபோக்காக மாறிய இக்கருவி, உலோகம் இருப்பதை உணர்த்துமேயன்றி, அது எந்த மண்ணடுக்கில், எந்தச் சுவரின் அருகில் கிடந்தது என்பதை உணர்த்தாது.

வரலாற்றுக்கு வேண்டியதோ அந்த இருப்பிடச் செய்தியே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி இலங்கையில் அச்சிட்ட செம்புக் காசுகளில், கம்பனிச் சின்னத்துக்கு மேலே திருகோணமலையைக் குறிக்கும் ‘டி’ என்ற எழுத்தைத் தாங்கியவை உண்டு. அத்தகைய காசொன்று கோட்டைச் சுவரின் அடித்தளத்துக்குக் கீழே கிடந்தால், அச்சுவர் அக்காசுக்கு முற்பட்டதன்று என்பது உறுதியாகும். அதையே தோண்டியெடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், எஞ்சுவது தேய்ந்த செம்புத் துண்டு மட்டுமே.

1622இல் போர்த்துக்கேயரால் தகர்க்கப்பட்டு, கற்கள் கோட்டை கட்டப் பயன்படுத்தப்பட்ட திருகோணமலைக் கோணேசர் ஆலயத்தின் திருவுருவங்கள் சில, 1950இல் நகரசபை கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய அவ்வுருவங்கள் ஓரிடத்தில் சேர்ந்து கிடந்தமையே, அவை அழிவிலிருந்து காக்கப் புதைக்கப்பட்டவை என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. இரவோடிரவாக ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டு விலைபோயிருந்தால், அடியார்களின் அச்சமும் பக்தியும் அவற்றோடு சேர்ந்தே மறைந்திருக்கும்.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இந்த இழப்பைத் தடுக்க முனைவதாகும். கருவியைவிடத் தோண்டுதலையே குறிவைக்கும் அச்சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி அகழ்வதற்கு, நிலம் தம்முடையதாயினும் பிறருடையதாயினும், உரிமம் தேவை. இன்னும் கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசின் உடைமை. எனவே அரச காணியில் கருவி ஒலித்ததும் அலவாங்கை ஊன்றுபவர் அங்கேயே சட்ட எல்லையைக் கடக்கிறார். உள்நாட்டுப் போர் நடந்த, திருகோணமலை அடங்கிய கிழக்கு மண்ணில் அவ்வொலி வெடிக்காத குண்டொன்றினதாகவும் இருக்கலாம் என்பது உயிருக்கே உலைவைக்கும் செய்தி.

இங்கிலாந்து வேறு வழியை நாடியது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதைத் தடுத்த அந்நாடு, 1997 முதல் பொதுமக்கள் பிற இடங்களில் கண்டெடுத்தவற்றை அலுவலரிடம் தாமாகக் காட்டிப் பதிவுசெய்யும் திட்டமொன்றையும் நடத்தி வருகிறது. தடை மட்டுமே கொண்டு மண்ணைக் காக்க இயலாது என்பதை அத்திட்டம் காட்டுகிறது.

இலங்கையின் கிழக்கில், கண்டெடுத்ததை மக்கள் தாமாகக் காட்ட முன்வருவார்களா என்பது மேலும் கூர்மையான கேள்வி. கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுகளுக்கென 2020 ஜூனில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் தமிழரோ முஸ்லிம்களோ ஒருவரும் இடம்பெறாமையால், பழஞ்செங்கல் ஒன்று வெளிப்பட்டாலே காணி பறிபோகுமோ என்ற ஐயம் ஊர்களில் வலுத்தது. வயலில் கண்டதை அறிவிக்க உழவர் அஞ்சும்வரை, இரவில் தோண்டுவோருக்கே அது வாய்ப்பாகும். ஆதலால் மக்களோடு அவர்தம் மொழியிலேயே பேசி, காணியுரிமைக்குக் கேடு வராது என எழுத்தில் உறுதியளித்து, கண்டெடுத்தவர் பெயரோடு பொருளைப் பதிவுசெய்யும் அலுவலர்கள் திருகோணமலையின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் அமர்த்தப்பட வேண்டும்.